பணிப்பகிஷ்கரிப்பில் விமானம் நின்றால் காசைக் கேட்பதா, இருக்கையைக் கேட்பதா?

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் எங்கள் வான் மன்னம்பிட்டிப் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கையில் பெரியம்மாவின் போனுக்கு அந்தத் தகவல் வந்தது. பின்சீற்றில் இரண்டு சூட்கேஸ். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் களுதாவளையில் வறுத்து, இடித்து, மூன்று தரம் அரித்தெடுத்த, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள். ஜேர்மனியில் மகளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள். அறுபத்தாறு வயதில் பெரியம்மா முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார்.

"என்ன மனே எழுதிக் கிடக்கு?" என்று போனை என்னிடம் நீட்டினார். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வரைக்கும் போகும் முதல் விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஜேர்மனிக்குப் போகும் இரண்டாவது விமானம் இரத்து. இறங்கவேண்டிய விமான நிலையத்தில் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பு. கீழே இரண்டு பட்டன். ஒன்று காசைத் திருப்பி எடுக்க, மற்றது பயணத்தை மாற்ற. அதற்குள் ஜேர்மனியிலிருந்து தங்கச்சியின் அழைப்பு: "காச எடுங்க அண்ணா, நான் வேற டிக்கட் போட்டுத் தாறன்."

நான் அமத்தவில்லை. அமத்தாமல் விட்டது எவ்வளவு நல்லது என்பது அன்றிரவு முழுக்கப் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு குடும்பத்தில் டிக்கட் சிக்கல் என்றால் எல்லோரும் எனக்குத்தான் எடுக்கிறார்கள். வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகவே எந்த நேரத்தில் எந்த வழி நல்லது என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விமானக் கம்பனி தானே பயணத்தை இரத்துச் செய்தால் உங்கள் காசு எங்கும் போகாது. இன்றைக்குக் கேட்காவிட்டால் அடுத்த கிழமையும் கேட்கலாம். இருக்கை அப்படியல்ல. அதே விமானத்தில் போகவிருந்த முந்நூறு பேரும் அதே மணித்தியாலத்தில் அதே மாற்று இருக்கைகளைத் தேடுகிறார்கள். ஆகவே முதலில் இருக்கை, காசுக் கதை பிறகு. இதற்கு விலக்கான இடங்களும் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

காசைத் திருப்பி எடுக்கும் பட்டனை அமத்தினால் என்ன நடக்கும்? உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த இடத்தில் முடிகிறது. உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை, சாப்பாடு, தங்குமிடம் கேட்கவும் வழியில்லை. புது டிக்கட்டை அன்றைய விலைக்கு எடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னர் எடுத்த விலையும் நாளைக்குப் பறக்கும் டிக்கட்டின் விலையும் ஒன்றாக இராது, அதுவும் பணிப்பகிஷ்கரிப்பு நாளில்.

நம்மவர்கள் பலர் மறந்துவிடும் இன்னொன்று: காசு கட்டியவருக்குத்தான் திரும்பும். சூரிச்சிலிருக்கும் தம்பி தன் கார்ட்டில் எடுத்திருந்தால் தம்பியின் கார்ட்டுக்குப் போகும். கட்டாரில் இருக்கும் கம்பனி எடுத்துக் கொடுத்திருந்தால் கம்பனிக்குப் போகும். மட்டக்களப்பு டவுணில் ஏஜென்சியில் ரூபாயில் கட்டியிருந்தால் அந்த ஏஜென்சி வழியாக ரூபாயில் வரும், வரக் கிழமைக்கணக்கில் எடுக்கலாம், ஏஜென்சியின் சேவைக் கட்டணம் பெரும்பாலும் வராது. 2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து சில கிழமைகளுக்குள் 300ஐத் தாண்டியது யாருக்கும் மறந்திராது. அந்தக் காலத்தில் ரூபாயில் திரும்பும் காசுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, வந்த காசில் அதே டிக்கட்டை எடுக்க முடியாமல் போனது.

இனி இருக்கை. இங்கேதான் அவசரப்படாமல் யோசிக்கவேண்டும், ஏனென்றால் கம்பனி முதலில் நீட்டும் மாற்று அனேகமாக அவர்களுக்கு வசதியானது. பெரியம்மாவுக்கு ஆப் காட்டியது நான்கு நாள் கழித்து, பத்தொன்பது மணித்தியால இடைத்தங்கலோடு ஒரு பயணம். அந்த வயதுக்கு, தனியாக, பாஷை தெரியாமல், ஒரு இரவும் பகலும் கதிரையில். "வேண்டாம்" என்று போனில் பேசிய பெண்ணிடம் சொன்னேன். அதே நகரத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, பணிப்பகிஷ்கரிப்பு இல்லாத வேறு விமான நிலையத்துக்குப் போடுங்கள் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு இரண்டு நாள் கழித்து வேறொரு நகரத்துக்கு, மூன்று மணித்தியால இடைத்தங்கலோடு இடம் இருக்கிறது என்றார். மச்சான் காரில் மூன்று மணித்தியாலம் ஓடி வந்து கூட்டிப்போனார். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசாவோடு போகிறவருக்கு, எந்த ஷெங்கன் நகரத்தில் இறங்கினாலும் மேற்கொண்டு தரைவழியே போக இடமுண்டு. இந்த ஒரு கேள்வியை, பக்கத்து விமான நிலையத்துக்குப் போட முடியுமா என்ற கேள்வியை, யாரும் கேட்காமல் விடவேண்டாம். ஆப் அதைத் தானாகக் காட்டாது.

அதே கம்பனியின் அடுத்த விமானமா, வேறு கம்பனியா? இதை முடிவு செய்ய, பணிப்பகிஷ்கரிப்பு எந்த வகை என்று பார்க்கவேண்டும். ஜேர்மனியில் ஒரு நாள் எச்சரிக்கை வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். 2025 மார்ச் 10ஆம் தேதி பிராங்பேர்ட், மியூனிக் உட்பட 13 விமான நிலையங்களில் 24 மணித்தியாலம் நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. ஆனால் தொடக்கமும் முடிவும் முன்னரே தெரிந்த வேலைநிறுத்தம் அது. இந்த வகையில் அதே கம்பனியில் இரண்டு மூன்று நாள் தள்ளி ஏறுவது பாதுகாப்பு. வேறு கம்பனிக்கு மாறி, புது இடைத்தங்கல், புது லக்கேஜ் கணக்கு என்று இழுபடத் தேவையில்லை.

முடிவு தெரியாத வேலைநிறுத்தம் வேறு கதை. 2025 ஓகஸ்ட் 16ஆம் தேதி எயார் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பயணிகள். மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்கு வந்த பிள்ளைகள் பாடசாலை தொடங்க முன்னர் ரொறன்ரோ திரும்பும் காலம். 19ஆம் தேதி உடன்பாடு வந்தது. ஆனால் வழமைக்குத் திரும்ப ஒரு கிழமைக்கு மேல் செல்லும் என்று கம்பனியே சொன்னது. விமானமும் பணியாளர்களும் எந்தெந்த நாட்டிலோ நிற்பார்கள், அவர்களை வரிசைக்குக் கொண்டுவர நாளெடுக்கும். ஆகவே "நாளைக்கு முடிஞ்சிரும்" என்ற செய்தியை நம்பி இருக்கவேண்டாம். இந்த வகையில் முதல் நாளே வேறு கம்பனியைக் கேட்பதுதான் சரி.

கனடாவில் சட்டப்படி 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுத்த பிறகுதான் வேலையை நிறுத்தலாம். அந்த மூன்று நாளும் பொன்னானவை. வேலைநிறுத்தம் தொடங்க முன்னரே விமானங்களைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்குவார்கள். கூடவே, கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம் என்று ஒரு சலுகையும் அறிவிப்பார்கள். உங்கள் விமானம் இன்னும் இரத்தாகவில்லை என்று பேசாமல் இருக்காமல் அந்தச் சலுகை வந்த அன்றைக்கே மாற்றிவிடுங்கள். காத்திருந்தவர்களை விட அப்படி முந்தியவர்களே நல்ல இருக்கைகளை எடுத்தார்கள்.

சட்டம் என்ன தருகிறது என்பதில் நம்மவர்களிடையே பெரிய குழப்பம் உண்டு. "அறுநூறு யூரோ கிடைக்குமாம்" என்று வட்ஸ்அப்பில் ஓடும். அது பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். ஐரோப்பாவுக்குப் போகும் விமானம் என்றால் ஐரோப்பியக் கம்பனிக்கு மட்டும்தான் பொருந்தும். பெரியம்மா கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடாக் கம்பனி ஒன்றில் போனதால் அந்த விதி அவருக்கு இல்லை. அவர் அதே கம்பனியில் ஜேர்மனியிலிருந்து திரும்பும்போது அது உண்டு. போகும்போது இல்லாத உரிமை வரும்போது இருக்கிறது.

அந்த விதி பொருந்தும் இடத்தில் தெரிவு பயணியுடையது: ஏழு நாளுக்குள் காசு, அல்லது முடிந்தளவு வெள்ளெனப் போகும் மாற்று வழி, அல்லது பயணிக்கு வசதியான பிந்திய நாள். காத்திருக்கும்போது சாப்பாடும், இரவானால் ஹொட்டலும் கம்பனியின் பொறுப்பு, வேலைநிறுத்தம் யாருடையதாக இருந்தாலும். இழப்பீடு மட்டும் வேறு. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை, பிரித்தானியாவின் சொந்த விதியில் 520 பவுண். ஆனால் வேலையை நிறுத்தியவர்கள் விமானக் கம்பனியின் சொந்த ஆட்களாக இருக்கவேண்டும். 2021இல் விமானிகளின் வேலைநிறுத்த வழக்கொன்றில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களோ விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்களோ நிறுத்தினால் அது கம்பனியின் கைக்கு மீறியது, இழப்பீடு இல்லை. இரண்டு கிழமைக்கு முன்னரே அறிவித்துவிட்டாலும் இல்லை.

கனடா விதி இதில் இன்னும் இறுக்கம். அங்கே கம்பனியின் சொந்தத் தொழிற்பிணக்கையும் கைக்கு மீறியதாகவே கணக்கெடுக்கிறார்கள். இழப்பீடும் ஹொட்டலும் கட்டாயமில்லை. ஆனால் பெரிய கம்பனிகள் முதலில் புறப்படவிருந்த நேரத்திலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் தமது விமானத்திலோ கூட்டுக் கம்பனியிலோ இடம் தரவேண்டும். முடியாவிட்டால் பயணி காசையும் கேட்கலாம், போட்டிக் கம்பனி ஒன்றில் இடத்தையும் கேட்கலாம். நான் சொல்வது: அந்த 48 மணித்தியாலத்தைச் சொல்லியே கேளுங்கள். விதி தெரிந்த குரலுக்குப் பதில் வேறு மாதிரி வரும்.

வேறு வழியாகப் போடுகிறோம் என்று சொன்னால் "ஓம்" சொல்ல முன்னர் கடவுச்சீட்டை நினைக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். கனடா அல்லது அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. கனடியக் கடவுச்சீட்டோடு வந்த மருமகனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லாத வழி, கூடப் போகும் மாமிக்குக் கட்டுநாயக்கா கவுண்டரிலேயே மறிபடும். குடும்பமாகப் போகிறவர்கள் இதைத் தலைக்குத் தலை பார்க்கவேண்டும். சென்னை வழியாக இரண்டு தனித் தனி டிக்கட் எடுப்பதும் அப்படித்தான். பேக்கை அங்கே எடுத்துத் திரும்பப் போடவேண்டி வந்தால் இந்திய விசா இல்லாமல் முடியாது. முதல் விமானம் நின்றால் இரண்டாவது கம்பனிக்கு உங்களை ஏற்றும் கடமையும் இல்லை.

சொந்தக் காசில் புது டிக்கட் எடுப்பதைக் கடைசியில்தான் வைப்பேன். அவசரத்தில் பலர் செய்யும் பிழை இதற்குள் இருக்கிறது. போகவும் வரவும் ஒன்றாக எடுத்த டிக்கட்டில் போகும் பயணத்தை விட்டுவிட்டு வேறு டிக்கட்டில் போய்ச் சேர்ந்தால், பழைய டிக்கட்டின் திரும்பும் பயணம் தானாகவே இரத்தாகும். முதல் துண்டு பயன்படவில்லை என்றால் மிச்சத் துண்டுகளையும் கம்பனி அடித்துவிடும். எடுத்தே ஆகவேண்டும் என்றால், திரும்பும் பயணத்தை உயிரோடு வைக்கச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுக்கவேண்டும். ஐரோப்பிய விதி பொருந்தும் இடத்தில், மாற்று வழி தரமாட்டோம் என்று அவர்கள் எழுதியது கையில் இருந்தால் பிறகு அந்தச் செலவைக் கேட்கலாம்.

வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்வது: காசுப் பட்டனைத் தொடவே வேண்டாம். டிக்கட் முதலாளியுடையது, காசும் அவருக்கே போகும், உங்களுக்கு மிஞ்சுவது முடியப்போகும் விசா மட்டும். கட்டார், குவைத், அமீரகம் மூன்றிலும் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே நின்றால் வதிவிட அனுமதி போய்விடும். சவூதியில் திரும்பும் விசாவில் தேதி இருக்கிறது. அது முடிய முன்னர் முதலாளி தரப்பு அங்கிருந்தே நீட்டிக்கலாம். இரத்தான தகவல் வந்த உடனேயே அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்புங்கள். போனில் வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

காசு எடுப்பதுதான் சரி என்று நான் நினைக்கும் இடமும் உண்டு. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள். எட்டுச் செலவு முடிந்த பிறகு, முப்பத்தொன்றும் முடிந்த பிறகு, கம்பனி தரும் இருக்கையால் யாருக்கு என்ன? கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒரு கிழமை லீவில் வரவிருந்தவருக்கும் அதே கதை. குளிர்த்தி முடிந்து மூன்றாம் நாள் வந்து இறங்கி என்ன செய்வது? தேதிதான் பயணம் என்றால் தேதி தவறியதும் காசை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம் என்றால் ஏற்கவேண்டாம்.

மாற்றும் வேலையை யார் செய்வது என்பதும் ஒரு தெரிவுதான். ஆப் விரைவு, ஆனால் அந்தக் கம்பனியின் சொந்த விமானங்களைத்தான் பெரும்பாலும் காட்டும். கம்பனியின் தொலைபேசி ஆள் மற்றக் கம்பனிகளிலும் தேடலாம். காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. ஏஜென்சியில் எடுத்த டிக்கட் என்றால் ஏஜென்சிக்காரர் நன்றாகச் செய்வார், கடை திறந்திருந்தால். எதுவானாலும் ஒரு ஆள் மட்டும் செய்யவேண்டும்.

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவருக்கு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டோகாவிலிருந்து அண்ணன் ஆப்பில் ஒரு விமானத்துக்கு மாற்றினார். அதே அரை மணித்தியாலத்தில் ஊரிலிருந்த ஏஜென்சி வேறொன்றுக்கு மாற்றியது. இரண்டு பேரும் "சரி" என்று அனுப்பினார்கள். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து, பாஸ்போட்டைப் பார்த்து, திரும்பவும் திரையைப் பார்த்தார். "பேர் இருக்கு, டிக்கட் இல்ல" என்றார். முப்பது கிலோ பேக் தராசில் ஏறி நிற்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது, தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. ஓட்டமாய் ஓடி, டிக்கட் கவுண்டரில் இரண்டு மணித்தியாலம் நின்று, கதவு மூட ஒரு கொஞ்ச நேரம் இருக்கையில் ஏறினார்.

பதிவு வேறு, டிக்கட் வேறு. ஆறு எழுத்துப் பதிவு இலக்கம் இருக்கையை வைத்திருக்கிறது என்றுதான் சொல்லும். காசு கட்டியதற்கு அடையாளம் 13 இலக்க டிக்கட் எண். தேதி மாறினால் டிக்கட்டைத் திரும்ப வெளியிடவேண்டும். அந்த 13 இலக்கத்தின் முதல் மூன்றும் எந்தக் கம்பனி வெளியிட்டது என்று சொல்லும்: 603 என்றால் ஸ்ரீலங்கன், 157 கட்டார், 176 எமிரேட்ஸ், 220 லுப்தான்சா. மாற்றத்துக்குப் பிறகு "டிக்கட்டைத் திரும்ப வெளியிட்டாச்சா, எண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டு எழுதி வையுங்கள். எண் கைக்கு வராமல் வீட்டிலிருந்து வெளிக்கிடவேண்டாம்.

அன்றைக்கு வானுக்குள் இருக்கையில் எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. முதல் விமானம் ஓடுகிறதே, வளைகுடா வரைக்கும் போய்ப் பார்ப்போமா? பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆசை. திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை. நான் விடவில்லை. மேற்கொண்டு போகும் டிக்கட் எண்ணோடு உறுதியாகாமல் இடைத்தங்கலுக்குப் பறந்தால், விசாவில்லாமல் வெளியே வர முடியாத இடத்தில் எத்தனை நாளோ. தரையில், நம் பாஷை பேசும் நாட்டில் நின்று கேட்பதே பலம்.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா முந்நூறு கிலோமீற்றரளவு. ஹபரணை, தம்புள்ளை, குருணாகல், மினுவாங்கொடை என்று ஆறு ஏழு மணித்தியாலம். வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை நிற்கும், வான்காரர் மெதுவாகத்தான் ஓட்டுவார். ஆகவே திரும்பிப் போவதும் கொழும்பில் நிற்பதும் சும்மா முடிவில்லை. என் கணக்கு இது: புது விமானம் இரண்டு நாளுக்குள் என்றால் நிற்பது, அதைத் தாண்டினால் வீடு. கல்முனை, அக்கரைப்பற்றுக்காரருக்கு இன்னும் தூரம், அவர்களுக்கு மூன்று நாள் வரைக்கும் நிற்பது சரி. கவுண்டரில் நிற்கும்போது இரத்தானால் விமான நிலையத்தை விட்டு வெளியேற முன்னரே ஹொட்டலும் சாப்பாடும் கேளுங்கள். வெளியே போய் ரசீதோடு கேட்பது பெரிய பாடு. எங்களுக்குத் தகவல் வழியில் வந்ததால் ஹொட்டல் கேட்க முடியவில்லை. வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் இரண்டு இரவு.

ஒன்று மிச்சம் இருக்கிறது: ஊரிலிருந்து போனவர் திரும்பும்போது பணிப்பகிஷ்கரிப்பு வந்தால். ஷெங்கன் விசா முடியும் தேதிக்குப் பிறகு புது இருக்கை விழுந்தால், விசா முடிய முன்னரே அந்த நாட்டின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். தவிர்க்க முடியாத காரணத்துக்கு நீட்டிப்புக் கொடுக்கும் விதி உண்டு, அதற்குக் கட்டணமும் இல்லை. இரத்துத் தகவலும் புது டிக்கட்டும் அச்சில் வேண்டும். மருத்துவக் காப்புறுதியின் தேதியையும் அதற்கேற்ப நீட்டவேண்டும். வெள்ளவத்தையில் இருந்த அந்த இரண்டு நாளில் இதையெல்லாம் ஒரு கொப்பித்தாளில் எழுதி, சரக்குத்தூள் பைக்குள் வைத்தேன். பெரியம்மாவின் திரும்பும் தேதியையும் அப்போதே முன்னுக்கு இழுத்தோம், விசா முடிய ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்படி.